கண்டங்களின் வேரும் வேற்றுக்கற்களும்

வைரவிழா மலரிலே வைரத்தைப் பற்றி ஒரு கட்டுரை இருத்தல் பொருத்தமே. ஆயின் நாம் இங்கு எடுத்துக்கொள்வது வைரத்தை அன்று. வைரத்தோடு ஒரே வழியால் நிலத்தின்மேல் வந்து, வைரம் பொறுக்குவோராற் கழிவென்று ஒதுக்கிக் குவிக்கப்பட்ட கல்லை. விலையிலே இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. ஆயினும், நாம் நிற்கும் கண்டங்கள் எதன்மேல் நிற்கின்றன, எதனால் இத்துணை நெடுங்காலம் குலையாது நின்றன என்று வினவின், விடை கூறத்தக்கது அக்கழிவுக் கல்லே.

பூமியின் உட்புறத்தை நேரிற் கண்டவர் எவருமிலர். உருசியாவின் கோலாக் குடாநாட்டில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆழ்துளை 1989இல் 12,262 மீற்றர் ஆழத்தை எட்டியது. அதற்குக் கீழே வெப்பம் மிகுந்து, கல் இளகித் துளையை நெருக்கியமையால் மேலுஞ் செல்லுதல் இயலாதாயிற்று. கண்டங்களின் ஓடோ பெரும்பாலும் 35 முதல் 40 கிலோமீற்றர் தடிப்புடையது. அதனில் மூன்றிலொரு பங்கைத்தான் அப்பெருமுயற்சி கண்டது. கடலடியில் ஓடு மெல்லியதாகலின் அங்கே துளைப்பது எளிது என்று கருதி, அமெரிக்கர் 1961இல் மெட்சிக்கோவுக்கு மேற்கேயுள்ள கடலிலே தொடங்கிய மோகோல் திட்டமும் 1966இற் கைவிடப்பட்டது. ஓட்டின் கீழிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை பரந்து கிடக்கும் கற்பகுதியை ஆங்கில நூலார் மான்ரில் என்பர். நாம் அதனை இடையோடு என வழங்குவோம். புவியின் கனவளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது அதுவே. அண்மையில், 2023ஆம் ஆண்டு, அத்திலாந்திக்குக் கடலடியிலே இடையோட்டுக் கல் மேலெழுந்து கிடக்கும் ஓரிடத்தில் 1,268 மீற்றர் ஆழத்துக்குத் துளைத்துக் கல் எடுத்தனர். பெருஞ்சாதனைதான், எனினும் அது கடலடிக் கல்லேயன்றிக் கண்டத்தின் அடிக்கல் அன்று.

நிலநடுக்க அலைகள் உட்புறத்தைத் துருவிச் செல்வன. ஓட்டுக்கும் இடையோட்டுக்கும் எல்லை உண்டென்பதை 1909இல் குரோசியரான மொகொரோவிச்சிக்கு அவற்றைக் கொண்டே கண்டார். ஆயின் அலைகள் கல்லின் இன்றைய நிலையை உணர்த்துமேயன்றி, அதன் வயதையும் அது முன்னர்ப் பட்ட பாட்டையும் உணர்த்தமாட்டா. அதற்குக் கல்லே கைக்கு வரவேண்டும். மனிதன் இறங்கமாட்டாத அவ்விடத்திலிருந்து கல் தானே ஏறி வந்திருக்கின்றது என்பதே நமது நற்பேறு.

தென்னாபிரிக்காவில் 1871ஆம் ஆண்டு ஒரு சிறு குன்றின்மீது வைரங்கள் கண்டெடுக்கப்பட்டன. வந்து குவிந்தோர் குன்றை வெட்டி, பின் நிலத்தையும் வெட்டி, 1914ஆம் ஆண்டளவில் அவ்விடத்தைப் பெரும்பள்ளமாக்கினர். அதுவே கிம்பர்லி நகரின் புகழ்பெற்ற பெருங்குழி. வைரம் கிடைத்த பாறை புனல்போன்ற வடிவினதாய்க் கீழ்நோக்கி ஒடுங்கிச் செல்லும் எரிமலைக் குழாயை நிரப்பியிருந்தது. 1887இல் ஹென்றி கார்வில் லூயிசு என்பார் அதற்குக் கிம்பர்லைற்று எனப் பெயரிட்டார். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன், மிக்க ஆழத்திற் பிறந்த கற்குழம்பொன்று, நீராவியும் காபனீரொட்சைட்டும் செறிந்ததாய், கண்டத்தைப் பிளந்துகொண்டு மேலெழுந்தது. எழும்போது வழியிலிருந்த சுவர்களைப் பெயர்த்து அத்துண்டுகளையுங் கொணர்ந்தது.

தான் பிறந்த பாறையல்லாத பிறிதொரு பாறைக்குள் அகப்பட்டுக் கிடக்கும் இத்தகைய துண்டை வேற்றுக்கல் எனலாம். கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த அதன் ஆங்கிலப் பெயரில் உள்ள முதற்பகுதி அயலானையுங் குறிக்கும், விருந்தினனையுங் குறிக்கும். தமிழிலும் விருந்து என்பதன் பழம்பொருள் புதுமையே என்பதை இலக்கணங் கற்றார் அறிவர். ஆகவே விருந்துக்கல் என்றாலும் பிழையாகாது. எனினும் மாணவர் மயங்காதிருத்தற்பொருட்டு வேற்றுக்கல் என்றே கொள்வோம்.

இக்கற்கள் கைப்பிடியளவு முதல் காற்பந்தளவு வரை உள்ளன. சுற்றியுள்ள குழம்பிலும் கனமானவை. குழம்பு மெல்ல ஏறியிருப்பின் அவை அமிழ்ந்து போயிருக்கும். வெப்பத்தாலும் அமுக்கக் குறைவாலும் உருமாறியிருக்கும். அவ்வாறு ஆகாமையால், 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ கடந்து வந்தன என்று கணித்துள்ளனர். பிளந்து பார்த்தால், மங்கிய பச்சையான ஒலிவின், அதனோடு பழுப்புச் சாயலான பைரொட்சீன் ஒன்று, மரகதம் போன்ற கல்சியப் பைரொட்சீன் இன்னொன்று, இடையிடையே ஊதாச் சிவப்பான காணெற்று ஆகியன தெரியும். இந்நான்குஞ் சேர்ந்த பாறையே பெரிடொட்டைற்று. காணெற்று வேறு யாதுமன்று. நம்மவர் கோமேதகம் என அணியும் கல்லின் இனத்ததே.

இனி, உருகுதல் என்பதைச் சிறிது விளக்கவேண்டும். பனிக்கட்டி உருகுமாறு பாறை உருகுவதில்லை. பனிக்கட்டி ஒரே பொருளாதலின் ஒரே வெப்பநிலையில் முழுதும் நீராகும். பாறையோ பல கனிப்பொருள்களின் கூட்டு. வெப்பம் ஏறும்போது எளிதில் உருகுங் கூறுகள் முன்னர்த் திரவமாகிப் பிரிந்து மேலே செல்லும். அரிதில் உருகுவன கீழே எஞ்சும். செக்கிலிட்ட எள் எண்ணெயும் பிண்ணாக்குமாகப் பிரிவதை இதற்கு ஒப்பிடலாம். எரிமலைகளிலும் கடலடிகளிலும் நாம் காணும் கருநிறப் பசால்ற்று எண்ணெய். பெரிடொட்டைற்று வேற்றுக்கல் பிண்ணாக்கு. எண்ணெயைக் காணாதவனும் பிண்ணாக்கைச் சோதித்து எவ்வளவு பிழியப்பட்டதென்று கூறமுடியுமன்றோ? வேற்றுக்கல்லாராய்ச்சியின் சாரம் இவ்வளவே.

சோதனை எவ்வாறு நடைபெறுகின்றது? உருகும்போது அலுமினியம், கல்சியம், இரும்பு என்பன திரவத்தோடு போக விரும்புவன. மகனீசியம் திண்மத்தில் தங்க விரும்புவது. 1960களில் அவுத்திரேலியாவின் ரிங்வுட் என்னும் பேராசிரியர், பசால்ற்றையும் எஞ்சிய கல்லையும் உரிய அளவிற் கலந்து, பிழியப்படாத இடையோட்டின் கூட்டமைப்பை மதித்தார். அதற்குப் பைரொலைற்று எனவும் பெயரிட்டார். அத்தகைய முதற்கல்லில் அலுமினிய ஒட்சைட்டு நூற்றுக்கு 4 பங்கு அளவிலும், கல்சிய ஒட்சைட்டு 3 பங்குக்கு மேலும் உள்ளன. கிம்பர்லியின் வேற்றுக்கற்களிலோ அலுமினிய ஒட்சைட்டு ஏறத்தாழ 1 பங்கே. கல்சியமும் பெரும்பாலும் அவ்வாறே குன்றியது. ஒலிவினை எடுத்து அதிலுள்ள மகனீசிய அணுக்களையும் இரும்பு அணுக்களையும் சேர்த்து நூறாகக் கொண்டால், பிழியாத கல்லில் மகனீசியம் 89 வரும். இன்றைய கடலடிகளில் பசால்ற்றைக் கொடுத்து எஞ்சிய கல்லில் 90 அல்லது 91. கிம்பர்லிக் கல்லில் 92 முதல் 93. நூற்றில் மூன்று நான்கு அணுவின் வேறுபாடு அற்பமெனத் தோன்றலாம். ஆனால் அவ்வளவு மாறவேண்டுமாயின் முதற்கல்லில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்குவரை உருகி நீங்கியிருத்தல் வேண்டும். இன்று கடலடி முகடுகளில் உருகுவது 10 முதல் 20 பங்கேயாம். கண்டங்களின் அடியில் ஒருகாலத்து நிகழ்ந்தது இன்றைய புவியிற் காண்டற்கரிய பேருருக்கம் என்பது இதனாற் பெறப்படும்.

அக்காலத்து இடையோடு இன்றையதிலும் வெப்பமாயிருந்தது என்பதற்கு எண்ணெய்ப் பக்கத்துச் சான்றும் உண்டு. தென்னாபிரிக்காவின் கோமாற்றி ஆற்றங்கரையில் 1969இல் விரிவாக அறியப்பட்டு அவ்வாற்றின் பெயராலேயே வழங்கும் கோமாற்றியைற்று என்னும் பழைய எரிமலைப் பாறை, 1,600 பாகை அளவான வெப்பத்தில் ஓடிய குழம்பின் இறுகல். (இக்கட்டுரையில் யாண்டும் செல்சியசு அளவையே கொள்ளப்படும்.) இக்காலத்துப் பசால்ற்றுக் குழம்பு 1,200 பாகையளவில் ஓடுவது.

வயது பற்றிய வினா இனி எழும். கதிர்த்தொழிற்பாட்டினாற் கல்லின் வயதை அளக்கும் முறைக்கும் நம் நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கலையாராய்ச்சியால் உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி தம் இளமையிற் புவிச்சரிதவியலாளராய் இலங்கைக் கனிப்பொருளாய்வின் தலைமை வகித்தவர் என்பதை இன்று பலர் நினைப்பதில்லை. அவர் காலத்தில், 1904இல், இங்கு அறியப்பட்ட தோரியனைற்று என்னும் கனிப்பொருளை, கல்லின் வயதைக் கீலியத்தின் அளவால் மதிக்க முயன்ற ஆங்கில அறிஞர் ஸ்ட்ரட் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினார். ஆயின் பெரிடொட்டைற்றிற்கு அம்முறை உதவாது. உரேனியமும் தோரியமும் எண்ணெயோடு முன்னரே போய்விடுவன. ஆகவே வேறொரு சோடி தேவைப்பட்டது. இரேனியம் என்னும் மூலகத்தின் ஒரு சமதானி மெல்ல மெல்ல அழிந்து ஓசுமியமாகின்றது. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 4,160 கோடி ஆண்டு. உருகும்போது இரேனியம் திரவத்தோடு செல்லும். ஓசுமியமோ திண்மத்தைவிட்டு அகலாது. எனவே பிழியப்பட்ட கல்லில் அந்தக் கணமே கடிகாரம் நின்றுவிடும். நின்ற கடிகாரம் நின்ற நேரத்தைக் காட்டுமன்றோ? 1980களின் இறுதியிலிருந்து இம்முறையால் ஆராய்ந்ததில், தென்னாபிரிக்கக் கற்களின் உருக்கம் பெரும்பாலும் 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரியவந்தது. அதற்கு முன்பே, 1984இல், ரிச்சர்ட்சனும் அவர் துணைவரும் வைரங்களுக்குள் அகப்பட்டிருந்த நுண்ணிய காணெற்றுகளை வேறொரு கடிகாரத்தால் அளந்து, 320 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வயதைக் கண்டிருந்தனர். வைரம் தன்னுள் அடைத்துவைத்த பொருளைப் பிறர் தொடவிடாது காத்தது. அணிகலனாதலினும் இது அதற்குப் பெருமை என்போம்.

இனி, இவ்வுருக்கத்தின் விளைவு யாது? பிழியப்பட்ட கல் மூவகையில் மாறுகின்றது. இரும்பும், கனமான காணெற்றை ஆக்கும் அலுமினியமும் போனமையால் அது நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு இலேசானது. நீர்க்கூறு போனமையால் உறுதியானது. வெப்பந் தரும் உரேனியம், தோரியம், பொற்றாசியம் என்பன போனமையாற் குளிர்ந்தது. குளிர்ந்த பொருள் சுருங்கிக் கனத்து அமிழவேண்டும். ஆனால் கூட்டமைப்பால் வந்த இலேசுத்தன்மை அக்கனத்தை ஈடுசெய்கின்றது. அதனாற் கண்டத்தின் அடியிலே 200 கிலோமீற்றரளவும் இறங்கிய தடித்த வேரொன்று, அமிழாமலும் மிதந்து சிதறாமலும், நிலைபெற்று நிற்க முடிகின்றது. 1970களில் இக்கருத்தை வகுத்துக் கூறியவர் அமெரிக்க நிலநடுக்கவியலாளரான தோமசு ஜோர்டன். அலைகள் காட்டிய வேரும், கற்கள் காட்டிய கூட்டமைப்பும் ஒன்றோடொன்று பொருந்தியது புவியாராய்ச்சியின் இனிய சந்திப்புகளுள் ஒன்று.

அவ்வேர் இன்று உருகாது நிற்பதையுங் கல்லே காட்டுகின்றது. இரு பைரொட்சீன்களும் கல்சியத்தைத் தம்முட் பங்கிடும் வீதம் வெப்பநிலையைப் பொறுத்தது. காணெற்றின் அருகிலுள்ள பைரொட்சீன் ஏற்கும் அலுமினியம், அமுக்கம் மிக மிகக் குறைவது. இவ்விரண்டையும் ஆய்வுகூடத்து உலைகளில் அளந்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வேற்றுக்கல்லும் தான் எந்த ஆழத்தில், எந்த வெப்பத்தில் இருந்தது என்பதைத் தானே சொல்லிவிடும். வாசிங்டன் கார்னகி நிறுவனத்துப் போயிட் என்பார் 1973இல், தென்னாபிரிக்காவாற் சூழப்பட்ட லெசோத்தோ நாட்டின் கற்களைக் கொண்டு இவ்வாறு ஆழத்துக்கு வெப்பநிலை வரைந்தார். நிலத்தடியின் வெப்பமானியை, அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய வெப்பத்தைக் காட்டும் மானியை, கல்லிலிருந்து வாசித்தார் எனலாம். இத்தகைய பழங்கண்டங்களில் 150 கிலோமீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 1,000 பாகையே இருந்தது. அவ்வாழத்து அமுக்கத்தில் நீரற்ற பெரிடொட்டைற்று உருகத் தொடங்குவதற்கு 1,600 பாகைக்கு மேல் வேண்டும். அறுநூறு பாகை குறைவு! சில வேற்றுக்கற்களில் வைரமும் இருத்தல் இவ்வாழத்தை வேறு வழியால் உறுதிப்படுத்துகின்றது. நமது போகலைச் சுரங்கத்துக் காரீயமும் வைரமும் காபனே. அவ்வெப்பத்திற் காபன் காரீயமாகாது வைரமாய் நிற்றற்கு 150 கிலோமீற்றரளவு ஆழம் வேண்டும்.

இதுவரை கூறியன பெரும்பாலும் முடிந்த செய்திகள். முடியாத வழக்கொன்றும் உண்டு: அப்பேருருக்கம் எவ்வாழத்தில் நிகழ்ந்தது? ஒருசாரார், மிக்க ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத் தூண் ஒன்று இன்றிருக்கும் ஆழத்திலேயே உருகி வேராயிற்று என்பர். மறுசாரார், ஆழமற்ற இடத்தில், பழைய கடலடிகளின் கீழே உருகி எஞ்சிய கற்பலகைகள் பின்னர் ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் செருகப்பட்டுத் தடித்தன என்பர். எமக்குப் பின்னையதே வலிதெனத் தோன்றுகின்றது. காணெற்று இருக்கும் ஆழத்தில் உருகினால் அலுமினியம் காணெற்றிலே தங்கும். ஆகவே எஞ்சிய கல்லில் அலுமினியத்தை நோக்கக் குரோமியம் மிகுதற்கு இடமில்லை. கிம்பர்லி வைரங்களோடு வந்த காணெற்றுகளோ குரோமியம் மிக்கவை. அத்தகைய கூட்டமைப்பு, காணெற்றுக்குப் பதிலாகச் சுபினெல் நிற்கும் குறைந்த ஆழத்திலேயே உண்டாதல் கூடும்.

மற்றொரு கணக்கும் அப்பக்கமே சாய்கின்றது. நூற்றுக்கு 40 பங்கு பிழியப்பட்டு 150 கிலோமீற்றர் தடித்த பிண்ணாக்கு எஞ்சியதாயின், பிழியப்பட்ட எண்ணெய் 100 கிலோமீற்றர் தடிப்பாதல் வேண்டும். நம் கண்டங்களின் ஓடு 40 கிலோமீற்றரே. அதுவும் பசால்ற்று அன்று, பெரும்பகுதி கருங்கல்லினம். எண்ணெய் எங்கே போயிற்று? கடலடி ஓடாய் இருந்து, மீளவும் இடையோட்டுள் அமிழ்ந்தது என்றால் மட்டுமே கணக்குத் தீரும். எனினும் எதிர்க்கட்சியார் ஓய்ந்துவிடவில்லை. தென்னாபிரிக்கக் கற்களில் ஒருவகைப் பைரொட்சீன் எதிர்பார்த்ததிலும் மிகுந்து, சிலிக்கா கூடுதலாய்க் காணப்படுதல் இருபாலார்க்கும் இடர் தருகின்றது.

நிற்க. பிண்ணாக்கில் மீண்டும் எண்ணெய் தெளித்தாற்போல, எஞ்சிய கல்லிற் பிற்காலத்துச் சிற்றுருக்கங்கள் ஊடுருவியதும் உண்டு. நீரும் காபனீரொட்சைட்டும் இருப்பின் பெரிடொட்டைற்று உருகும் வெப்பநிலை பல நூறு பாகை குறைந்துவிடும். அவ்வாறு ஆழத்திற் பிறந்த சிறு துளிகள் வேரினுள் ஏறி, அங்கே குளிர்ந்து, மைக்கா முதலிய நீர்க்கனிப்பொருள்களாய் உறைந்தன. கிம்பர்லி வேற்றுக்கற்கள் பலவற்றில் இம்மைக்கா வெளிப்படத் தெரியும். வேறு பலவற்றிலோ கண்ணுக்கு யாதும் புலனாகாது. அருமண் மூலகங்களை அளந்தாலன்றி ஊடுருவல் தெரியாது. மரகதப் பச்சைப் பைரொட்சீனிற் பெரும்பகுதியும், காணெற்றில் ஒரு பகுதியும் முதற்கல்லின் எச்சமல்ல, இவ்வாறு பிற்காலத்து வந்தனவே என்னும் கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. நிட்சனும் போயிட்டும் 1973இல் லெசோத்தோவின் தாபா புற்சோவாக் குழாயில், மிக ஆழத்திலிருந்து வந்த கற்கள் நசுங்கி இழுபட்டிருத்தலைக் கண்டு, கண்டம் நகர்ந்தபோது அதன் அடி உராய்ந்ததன் அடையாளம் என எண்ணினர். அழகிய கருத்து. ஆனால் அக்கற்களின் காணெற்றுகளில் விளிம்புக்கும் நடுவுக்கும் கூட்டமைப்பு வேறுபடுவது பின்னர்க் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அவ்வெப்பத்தில் இருந்திருப்பின் அவ்வேறுபாடு கலைந்து சமனாகியிருக்கும். ஆகவே ஊடுருவலும் நசிவும் கிம்பர்லைற்று வெடித்தெழுதற்குச் சற்று முன்னரே நிகழ்ந்தன என்று கொள்ள வேண்டியதாயிற்று. நம்மைத் தேடிவந்த சாட்சியைக் கொணர்ந்த வண்டியே சாட்சியைச் சிறிது மாற்றியும் விட்டது போலும்.

எஞ்சிய வினா, இவ்வேர் அழியுமா என்பது. இதற்கு விடை ஆபிரிக்காவில் இல்லை, வடசீனத்தில் உண்டு. ஷாண்டொங் மாகாணத்து மெங்யின் என்னுமிடத்தில் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த கிம்பர்லைற்று வைரங்களையும், மிகப் பிழியப்பட்ட ஆழ்கற்களையும் கொணர்ந்தது. ஆகவே அன்று அங்கே 200 கிலோமீற்றரளவான குளிர்ந்த வேர் இருந்தது. அதே மாகாணத்திற் புவிச்சரிதத்தின் அண்மைக்காலத்தில் எழுந்த பசால்ற்றுகளும் வேற்றுக்கற்களைக் கொணர்ந்துள்ளன. அவற்றில் வைரமில்லை, காணெற்றுமில்லை; ஒலிவினின் மகனீசியம் 93 அன்று, பெரும்பாலும் 90ஐ ஒட்டியது. வெப்பம் மிகுதி, தடிப்பு 80 கிலோமீற்றரளவே. 1993இல் மென்சீசும் சீன அறிஞர் இருவரும் இவ்விருவகைக் கற்களையும் அருகருகே வைத்து, 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பழைய வேர் இடைக்காலத்தில் மறைந்துவிட்டது என நிறுவினர்.

மறைந்தது எவ்வாறு? பசிபிக்குக் கடலடியின் முன்னைய பலகை ஆசியாவின் அடியிற் செருகிச் சென்று நீரைக் கொணர்ந்து சேர்த்தது. உலர்ந்திருந்த வேர் நனைந்து தளர்ந்தது. பின் அதன் அடிப்பகுதி பெயர்ந்து வீழ்ந்தது என்று ஒருசாரார் கூறுவர். வீழாமல், புதுக்குழம்பு ஊறி ஊறி அடியிலிருந்து சிறிது சிறிதாய்க் கரைந்தது என்பர் மற்றையோர். எல்லா இடத்தும் ஒரே வகையில் நிகழவில்லை என்பதை ஓசுமியக் கடிகாரம் காட்டுகின்றது. பீக்கிங்குக்கு வடமேற்கேயுள்ள ஹன்னுவோபாவின் வேற்றுக்கற்களில் ஏறத்தாழ 190 கோடி ஆண்டு வயது இன்னும் எஞ்சியிருக்க, கிழக்கே ஷாண்டொங்குக் கற்கள் சிலவற்றில் அத்தகைய பழைமையின் சுவடே இல்லை. அழிவு உச்சத்தை எட்டியது 12 கோடியே 50 இலட்சம் ஆண்டளவுக்கு முன் என்பது பலர் துணிபு. அக்காலத்தையொட்டியே, 12 கோடி ஆண்டளவுக்கு முன், ஷாண்டொங்குக் குடாநாட்டின் பாறைப் பிளவுகளிற் பொன் படிந்தது. சீனத்தின் மிகப் பெரிய பொற்சுரங்கங்கள் இன்று அங்கேதான் உள்ளன.